லேசாக ஒன்று

"இருக்கிறதிலேயே லேசான ஹேண்ட்கார்டு காட்டுங்க," என்றாள் சாருலதா, துப்பாக்கிக் கடையில் முன்பிடிகள் அடுக்கியிருந்த அலமாரியைக் காட்டி.

ஹரிசங்கருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வாரம் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி. மனைவி ஜெயிப்பாள் என்று அலுவலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தான்.

"துப்பாக்கி முன்பக்கம் கனமா இருந்தாத்தான் கை ஆடாதுன்னு நீதானே சொல்வே?"

கடைக்காரர் காசிநாதனும் தலையாட்டினார். "சார் சொல்றது கரெக்டு. நிக்கிற குறிக்குக் கனம்தான் வோணும். ஓடற குறிக்குத்தான் லேசு. இன்னா மேடம், படாளம் பக்கம் காட்டுல ஓடற பன்னி சுடவா போறீங்க?"

ஹரிசங்கர் வாய்விட்டுச் சிரித்தான். சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. வழக்கம்போல் பார்க்காமலேயே அணைத்தான்.

சாருலதா அவர் எடுத்து வைத்த லேசான முன்பிடியை இடது கையில் ஏந்தி, வெளியே சாலையில் போன சைக்கிள்காரனோடு சேர்த்து மெல்லத் திருப்பினாள். கை ஆடவே இல்லை.

"இதுவே போதும்."

காரில் ஏறியதும் சொன்னாள். "கவலைப்படாதீங்க. போட்டிக்குப் பழசையே மாட்டிக்குவேன்."

"அப்ப இது எதுக்கு?"

மடியிலிருந்த பெட்டியைத் தடவினாள். "நாளைக்குக் காலைல மாமல்லபுரம் கடற்கரைல ஓடப் போறீங்கல்ல?"

"தினமும் போறதுதானே?"

"கோதையும் கூட ஓடுவாளா?"

அந்தப் பெயரை அவன் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.