ஈரம் காய்வதற்குள்

தருமபுரி தொலைபேசி நிலையத்தில் அமலோற்பவம் தவித்துக்கொண்டிருந்தாள். பெங்களூர் ஆய்வகத்தில் அவளுடைய கண்ணாடித் தகடுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் மேல் படிந்த கொழுப்புப் படலத்தில் ஈரம் இருந்தால்தான் மூலக்கூறுகள் நகரும். ஈரம் குறையக் குறைய நகர்வும் தளரும். முழுக்கக் காய்ந்துபோனால் மூன்று வருட ஆராய்ச்சி பாழ். தண்ணீர் விடும்படி யாரிடமும் சொல்லாமல் ஊருக்கு வந்துவிட்டாள்.

பெங்களூருக்குப் பேச அவளுக்கு முன்னால் காத்திருந்தவர் மாதப்பன், பாலக்கோட்டு விவசாயி.

“ஐயா, நான் மொதல்ல பேசிக்கட்டுங்களா? அங்க ஒரு உசுரு ஊசலாடுதுங்க.” பொய் தானாக வந்தது.

மாதப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நீ பேசும்மா,” என்று ஒதுங்கினார்.

ஆய்வகத்தில் தோழியைத் தேடிக் கூட்டிவரவே வெகுநேரமாயிற்று. அவள் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு, “நகருதுடி, அழாதே,” என்ற பிறகுதான் அமலோற்பவத்துக்கு மூச்சு வந்தது.

அவள் வெளியே வந்தபோது மணி பதினொன்றே கால். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதப்பன் எழவில்லை.

“நீங்க பேசலீங்களா?”

“இனிமே எங்கம்மா? பதினோரு மணிக்கே எஞ் சம்சாரத்த ஆபரேசனுக்கு உள்ள கொண்டு போயிருப்பாங்க. பொழைக்கறது கஷ்டம்னாங்க. அதுக்குள்ள ஒரு வார்த்த பேசிப்புடலாம்னு வந்தேன்.”

அமலோற்பவம் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அது கெடக்குது. உங்க வூட்டு ஆளு கண்ணு முழிச்சிட்டாரா?”

“முழிச்சிட்டாருங்க,” என்றாள்.

“அப்ப சரி,” என்று அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.