தோட்டத்துப் பாட்டுச் சேலை

"பச்சைன்னா பச்சைதான் மதினி. கிளிப்பச்சை. நான் என்ன குருடியா?"

"குங்குமச் சிவப்பைப் பாத்துப் பச்சைங்கிய. உங்களை வேற என்னன்னு சொல்ல?"

பச்சை என்ற சீனித்தாய் பெண்ணைப் பெற்றவள். சிவப்பு என்ற சுடலைமாடத்தி மாப்பிள்ளையைப் பெற்றவள். செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் ஜவுளிக்கடை ஜமுக்காளத்தில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே பட்டுச் சேலைகள் குவிந்து கிடந்தன.

எல்லாம் மாப்பிள்ளை இசக்கியப்பன் போட்ட கடுதாசியால் வந்த வினை. கொழும்பில் கடை வைத்திருக்கும் அவன் அங்கே ஒரு தமிழ்ப்படம் பார்த்திருக்கிறான். அதில் கதாநாயகி தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டே ஒரு பாட்டுப் பாடுகிறாள். அப்போது அவள் கட்டியிருந்த மாதிரியே முகூர்த்தச் சேலை எடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டான். நிறத்தை எழுதவில்லை. புதன்கிழமை கப்பலில் வருகிறான். வெள்ளிக்கிழமை கல்யாணம்.

அதே படம் தூத்துக்குடியிலும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டாரும் தனித்தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்துவிட்டார்கள்.

"கட்டப்போறவளையே கேப்போம். நீ சொல்லு தாயி," என்றார் அண்ணாச்சி.

அம்மாவோடு படம் பார்த்துவிட்டு வந்திருந்த கல்யாணப்பெண் சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு ஊதா மாதிரி தெரிஞ்சுது."

இரண்டு தாய்மார்களும் ஒரே நேரத்தில் திரும்பி அவளை முறைத்தார்கள். அதுவரை அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

பேச்சு தடித்தது. சிவப்புக்கும் பச்சைக்கும் பேதம் தெரியாத வீட்டில் என் மகள் எப்படிக் குப்பை கொட்டுவாள் என்றாள் சீனித்தாய். சுடலைமாடத்தி எழுந்து நின்று முந்தானையை உதறிச் செருகினாள்.

"ஸ்ரீவைகுண்டத்துல எங்க அண்ணன் மக இன்னும் கழுத்தை நீட்டாமத்தான் இருக்கா. ஞாபகம் இருக்கட்டும்."

இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரே அண்ணாச்சிதான். இது முறிந்தால் இரண்டு குடும்பமும் சென்மத்துக்கும் அவர் முகத்தில் விழிக்காது. ஒரு பாவமும் அறியாத அந்தப் பெண்ணுக்கோ, பந்தக்கால் நட்டபின் கல்யாணம் நின்றுபோனவள் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும்.

"ரெண்டு பேரும் செத்த பொறுங்க," என்றார். "மத்தியான ஆட்டத்துக்கு நானே போய்ப் பாத்துட்டு வாரேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாங்க."

சேலை மடித்துக்கொண்டிருந்த மாடக்கண்ணு கையை நிறுத்தினார். அண்ணாச்சியிடம் இருபது வருஷமாக வேலை பார்ப்பவர் அவர். சினிமாக் கொட்டகைக்குப் போகிறவன் குடும்பம் உருப்படாது என்பது அண்ணாச்சியின் கட்சி. அதனால் மாடக்கண்ணுவும் இதுவரை ஒரு படம் பார்த்ததில்லை.

அண்ணாச்சி துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். திரும்பி வந்தபோது துண்டு தோளில் கிடந்தது. மூக்குக்குள் ஏதோ ராகம் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வீட்டாரும் அவருக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். அவர் உட்காரவில்லை. கொட்டகையில் எங்கே இருந்து பார்த்தீர்கள் என்று மட்டும் ஒவ்வொருவரையும் விசாரித்தார். சீனித்தாய் முன்னால் தரையில். காலை நீட்டி உட்கார அதுதான் வசதி என்று அவளாகவே காரணமும் சொன்னாள். சுடலைமாடத்தி பின்னால் பெஞ்சில். நாடி பார்க்கும் வைத்தியர் போல அண்ணாச்சி மெல்லத் தலையாட்டினார். பிறகு உள்ளே போய், பீரோவிலிருந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்து வந்து விரித்தார்.

நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பச்சை, குறுக்கே ஓடும் ஊடை நூல் சிவப்பு. இப்படிச் சாய்த்தால் கிளியின் இறகு. அப்படிச் சாய்த்தால் குங்குமம்.

"இதாம் அந்தச் சேலை. தரையில இருந்து அண்ணாந்து பாத்தவுகளுக்குப் பச்சை. பெஞ்சுல இருந்து நேரா பாத்தவுகளுக்குச் சிவப்பு. ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்."

"இந்த மடிப்புக்குள்ள ஊதா தெரியுது பாருங்க," என்றாள் சந்தனமாரி. அன்று முதல்முறையாக அவள் குரல் உயர்ந்திருந்தது.

அதன்பின் எல்லாம் சுமுகமாக நடந்தது. படத்தில் கதாநாயகி திரும்பியபோது ஒரு சிவப்பு மின்னத்தான் செய்தது என்று சீனித்தாய் ஒப்புக்கொண்டாள். குனிந்து பூப்பறித்தபோது பச்சை தட்டியதைத் தானும் கவனித்ததாகச் சுடலைமாடத்தி சொன்னாள். கல்யாணத்துக்கான மற்றச் சேலைகளையும் அங்கேயே எடுத்தார்கள். ஒரே வெற்றிலைத் தட்டில் கை நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டு, ஒரே குதிரை வண்டியில் ஏறிப் போனார்கள்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை மாடக்கண்ணு காத்திருந்தார். பிறகு, மாப்பிள்ளை கப்பலை விட்டு இறங்கி வந்து இது அந்தச் சேலையே இல்லை என்று சொன்னால் என்ன செய்வது என்று கவலையோடு கேட்டார்.

"சொல்ல முடியாதுலே," என்றார் அண்ணாச்சி. "படம் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கறுப்பும் வெள்ளையும்தான். நிறம்னு ஒரு பொட்டு கிடையாது."

அண்ணாச்சி மாடக்கண்ணு பக்கமாகக் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா அந்தத் தோட்டத்துப் பாட்டுல அவ கட்டியிருந்தது மட்டும் நல்ல மாம்பழ மஞ்சள்லே."