எட்டாவது ஃபெயில்

“பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரின்னு வாயத் தொறந்த, கேட்டோட அனுப்பிருவாக. எட்டாவது ஃபெயில்னு சொல்லு.”

லாரிகளுக்குப் பெட்டி ஏற்றும் ஒச்சப்பன் சொல்லிக்கொண்டே எழிலின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். பட்டாசு ஆலை வாசலில் இருவருடைய செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான்.

“படிச்சிருந்தா என்ன மாமா? பெட்டிதான தூக்கப் போறேன்.”

“படிச்சவன் நாலு நாள்ல ஓடிருவான். ஓடலன்னா, இங்கன நடக்குறத எங்கயாச்சும் எழுதிப் போட்டுருவான். ரெண்டும் இவுகளுக்கு ஆகாது.”

எழில் அவர் பின்னால் நடந்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஒச்சப்பன் வீடு தேடி வந்து லோடு வேலைக்குக் கூப்பிட்டார். “டிகிரி வாங்கிட்டு முதுகுல பெட்டி சுமக்கவா?” என்று முகத்துக்கு நேராகக் கேட்டு அனுப்பிவிட்டான்.

அதற்கப்புறம் எத்தனையோ இன்டர்வியூ, எத்தனையோ பரீட்சை. அம்மா சண்முகத்தாய் வேறொரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கப் போய்த்தான் வீட்டில் உலை கொதித்தது. நேற்று விருதுநகர் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “இன்னும் அந்தத் தூசியிலேயே கெடந்தாங்கன்னா நான் பொறுப்பில்லப்பா” என்று கையை விரித்தார்.

“நீ ஒரு வேலையில உக்காரு. மறுநாளே நான் நின்னுக்கிடுதேன்” என்றாள் அம்மா, இருமலுக்கு நடுவே. இன்று காலையும் எம். புதுப்பட்டி கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டாள்.

ஆபீஸ் வராந்தாவில் மேனேஜர் ரத்தினசாமி நோட்டைப் பிரித்தார். வெளியாள் யார் உள்ளே வந்தாலும் அவர் எழுதி அனுமதிக்க வேண்டும்.

“என்னலே படிச்சிருக்க?”

“எட்டாவது ஃபெயில் சார்.”

“நல்லது. அந்தச் சாக்க இழுத்து இந்தச் சாக்கோட வை.”

வராந்தா அப்போதுதான் கழுவிவிட்ட ஈரத்தில் இருந்தது. இரண்டு சாக்கின் மேலும் எழுதியிருந்ததைப் படித்ததும் எழிலின் கை நின்றுவிட்டது.

“தரை ஈரமா இருக்கு சார். அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் இதுல சேந்தா சூடேறித் தீப்பிடிச்சிரும், எக்ஸோதெர்மிக் ரியாக்‌ஷன்...”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒச்சப்பன் தலையில் கைவைத்தார்.

ரத்தினசாமி நோட்டை மூடினார். “எட்டாவதுல இதெல்லாம் சொல்லித் தாராகளோ?”

இனி மறைக்க ஒன்றுமில்லை. காலேஜ் பெயரிலிருந்து அம்மாவின் எக்ஸ்ரே வரை எல்லாவற்றையும் கொட்டினான். “பொய் சொன்னது தப்புதான் சார். சத்தியமா ஓட மாட்டேன். பெட்டி தூக்குறேன், கூட்டச் சொன்னா கூட்டுறேன். இன்னைக்கு வேலை கெடைக்கலன்னா எங்கம்மா செத்துரும் சார்.”

ரத்தினசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசினார். திரும்பி வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க தம்பி.”

யாரைச் சொல்கிறார் என்று எழில் திரும்பிப் பார்த்தான்.

“உங்களத்தான். மருந்து ரூமுக்குக் கெமிஸ்ட்ரி படிச்ச ஃபோர்மேன் வேணும்னு மொதலாளி ஒரு வாரமா பறக்காக. சர்டிபிகேட் நகல் இருக்கா?”

இருந்தது. இரண்டு வருடமாக மணிபர்சில் நான்காய் மடித்தபடியே இருந்தது. டீ வந்தது. ஃபேனை அவன் பக்கம் திருப்பிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டரில் ஆர்டர் அடித்து நீட்டினார்கள்.

ஒச்சப்பன் படியில் நின்றபடி கேட்டார். “ஏலே எழில், லாரி காத்துக் கெடக்கு. வாரியா, வேற ஆளப் பாக்கட்டா?”

“வேற ஆளப் பாருங்க மாமா.” இரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்த மிடுக்கு அந்தக் குரலில் வந்திருந்தது. “பெட்டி சுமக்கணும்னு எனக்கு எழுதல போல.”

“அப்பச் சரிங்க ஆபீசர். இந்தாங்க உங்க பேனா. இனி இது எங்கிட்ட எதுக்கு?” பேனாவை மேஜையில் வைத்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ரத்தினசாமி வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்தார். எழிலின் பெயர் அதில் ஏற்கெனவே ஏறியிருந்தது. “ஒன்னாந்தேதியில இருந்து கையெழுத்துப் போட்டுருங்க.”

“இன்னைக்குத் தேதி பதினேழு சார்.”

“மாசம் முழுசா இருந்தாத்தான பி.எஃப். சேரும்? படிச்ச பிள்ளைக்கு நான் சொல்லணுமா?”

படிச்ச பிள்ளை. அந்த வார்த்தையை அவனிடம் யாரும் சொல்லி எவ்வளவு நாளாயிற்று. அம்மா நாளைக்கு வேன் ஏற வேண்டாம் என்று நினைத்தபோதே கண் கலங்கியது. பதினேழு கையெழுத்தையும் நிறுத்தி நிதானமாகப் போட்டான். ஒவ்வொன்றின் கீழும் பி.எஸ்ஸி. என்றும் எழுதினான்.

கடைசிக் கையெழுத்தின் மை காய்வதற்குள் போலீஸ் ஜீப் உள்ளே வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் படியேறும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

“ஒம்பதாந்தேதி மருந்து ரூம் தீப்பிடிச்சத மூச்சு விடாம அமுக்கிட்டீகளே, மதுரை ஆஸ்பத்திரியில கெடந்த உங்க ஆளு காலையில போய்ச் சேந்துட்டாரு. அன்னைக்கு அந்த ரூமுக்குப் பொறுப்பு யாரு?”

ரத்தினசாமி பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எழிலின் நாற்காலியைக் கை காட்டினார்.

“இவருதான் சார், ஃபோர்மேன்.”