சிவப்பு என்றால் லண்டன்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், மலாக்கா டாக்ஸிக்காரர் தியாகுவின் மகள் மீனாச்சிக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. சிங்கப்பூரில் முழுச் செலவுக்கும் உபகாரச் சம்பளம். லண்டனில் பாதிதான்.

“லண்டனுக்கே போம்மா. காஜா பெராங்ல இருக்கற நம்ம வீட்டை வித்துடலாம்,” என்றார் தியாகு.

“அப்புறம் நீங்க எங்க இருப்பீங்க? எனக்கு சிங்கப்பூரே போதும்பா.”

“சின்னதிலேருந்து லண்டன் லண்டன்னு சொன்னவ நீதானே?”

நாள்கணக்கில் இதே வாக்குவாதம். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

“மாரியம்மன் முன்னால பூக்கட்டிப் பாப்போம். சிவப்புன்னா லண்டன், வெள்ளைன்னா சிங்கப்பூர். அதுக்கு மேல பேச்சில்ல.”

வாழையிலையில் பூவை வைத்து அவரே இரண்டு பொட்டலம் கட்டிச் சந்நிதியில் போட்டார். மீனாச்சி கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரித்தாள். பிறகு பூவைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு திரும்பினாள்.

“வெள்ளைப்பா. சிங்கப்பூர்தான்.”

தியாகு அந்த மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல அவரால் முடியாது.

இரண்டு பொட்டலத்திலும் அவர் சிவப்பு அரளியைத்தான் கட்டியிருந்தார்.