சுவராகிப் போனவள்

சின்ன காஞ்சிபுரத்தில் சிறுபத்திரிகை நடத்திவந்த கலியன், தபாலில் வந்த ஜப்பானியக் கதையின் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு மனைவி பெரியநாயகியிடம் ஓடிவந்தான்.

“ஹனாகோன்னு ஒருத்தி சமையல்கட்டுச் சுவரா மாறிடறாமா! வீட்ல யாருக்கும் தெரியல. அவ மேலயே ஆணி அடிச்சி காலண்டர் மாட்றாங்க!”

“நம்பற மாதிரியா இருக்குது?”

“உனக்குப் புரியாதுமா. இந்தக் கற்பனையெல்லாம் ஜப்பான்காரங்களுக்குத்தான் வரும். அடுத்த இதழ்ல இதைத்தான் போடப்போறேன்.”

“போன மாசம் பைத்தியக்காரத்தனம்னு தூக்கிப் போட்டீங்களே?”

“எதை?”

“இதே கதையைத்தான். நான் எழுதிக் குடுத்தப்ப அவ பேரு பொன்னி. இப்ப ஹனாகோன்னு மாத்தி, ஜப்பான் கதைன்னு போட்டு, பக்கத்து வீட்டு சைதுன் கையால எழுதவெச்சி அனுப்பினேன்.”

கலியனுக்குக் காது சிவந்துவிட்டது. பேனாவைத் திறந்து, தலைப்புக்குக் கீழே ‘பெரியநாயகி’ என்று எழுதினான்.