கைப்பிடி இல்லாத சமையலறை

“இப்பக் கண்ணைத் திறக்கலாம் பாட்டி!”

பாட்டியின் கண்களைப் பொத்தியிருந்த என் கைகளை எடுத்தேன்.

அம்மா, சித்தப்பா, சித்தி என்று மொத்தக் குடும்பமும் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. தம்பி செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

பாட்டிக்கு அன்று எண்பது முடிந்திருந்தது.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சமையலறை கட்டித் தருவது என் தொழில். எங்கள் வீட்டுச் சமையலறையை மட்டும் நான் தொட்டதில்லை. அது பாட்டியின் ராஜ்ஜியம். ஐம்பத்தெட்டு வருஷமாக அடுப்பை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அம்மாவும் சித்தியும் காய் நறுக்கித் தரலாம், பாத்திரம் துடைக்கலாம், அதோடு சரி. ஒருமுறை உப்பு டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றிவிட்டாள் என்பதற்காக அம்மாவுடன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ராஜ்ஜியத்தை அவளுக்குப் பளபளவென்று ஆக்கித் தரவேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

பத்து நாளைக்குப் பாட்டியையும் தாத்தாவையும் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். தாத்தாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

“பழசே இருக்கட்டுமேம்மா. அவளுக்குக் கை பழகின இடம்.”

“ஒரு பல்பு மாத்தவே ஒரு மாசம் யோசிக்கிற ஆளு நீங்க. சும்மா இருங்க தாத்தா!”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நின்று கேட்கவில்லை.

பழைய அலமாரிகளை இடித்தேன். இந்த வயதில் அவள் தீயோடு மல்லுக்கட்ட வேண்டாமென்று நெருப்பே இல்லாத அடுப்பு வைத்தேன். அதில் திருகு எதுவும் கிடையாது. கண்ணாடியின் மேல் விரல் வைத்தால் போதும். முந்தானை மாட்டிக்கொள்ளாமலிருக்கக் கைப்பிடியே இல்லாத கதவுகள். ஆளுக்கொரு உயரமாக நின்ற டப்பாக்களுக்குப் பதில் ஒரே அளவில் இருபத்துநான்கு கண்ணாடி ஜாடிகள்.

பழைய டப்பாக்களில் சிலவற்றின் கழுத்தில் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது. ஒன்றில் ஒரு சுற்று, இன்னொன்றில் இரண்டு. சிலவற்றில் நூலைக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தாள். எதையும் தூக்கிப் போட மனசு வராது இவளுக்கு என்று சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பழைய சாமான் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

“முதல் டீ நீதான் போடணும் பாட்டி!” என்று கத்தினான் தம்பி.

பாட்டி உள்ளே நான்கு அடி நடந்தாள். நின்றாள். வலது கையை நீட்டினாள்.

கை வழவழப்பான கதவில் பட்டது. மெல்ல ஓரம்வரை நகர்ந்தது. அடுத்த கதவுக்குப் போனது. அதுவும் வழவழப்பு. பிறகு கீழே இறங்கி, அடுப்பின் கண்ணாடியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தது.

“என்ன அத்தை, புது மருமக மாதிரி முழிக்கிறீங்க?” என்றாள் அம்மா. “நாங்க இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு இப்படித்தான் முழிச்சோம்!”

எல்லோரும் சிரித்தோம். பாட்டியும் சிரித்தாள். சிரித்தபடியே திரும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயே போடு கண்ணு. எண்பது வயசுக்கு மேல எனக்கென்ன அடுப்படி?”

“அம்மா ராஜினாமா பண்ணிட்டாங்க!” சித்தப்பா கை தட்டினார். “மனசு மாறுறதுக்குள்ள யாராவது எழுதி வாங்குங்கப்பா.”

நானும் கை தட்டினேன். அதை எனக்குக் கிடைத்த ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் கதவுகளைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். நான் டீத் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். பாட்டியும் தாத்தாவும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னங்க... என்ன கலர் போட்டிருக்கா?” பாட்டி ரகசியமாகக் கேட்டாள்.

“மஞ்சள். நல்ல பளிச்சுனு. ஜன்னல் பக்கம் மட்டும் வெள்ளை.”

என் காலடிச் சத்தம் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அந்த மஞ்சள் எவ்வளவு லட்சணமா இருக்கு! ஜன்னல் ஓரத்து வெள்ளை அதைவிட அழகு.”

டீத் தட்டை அப்படியே கீழே வைத்தேன். தாத்தா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“எத்தனை நாளா பாட்டி?”

அவள் எதுவும் புரியாததுபோல் நடிக்கவில்லை.

“நாலு வருஷம் ஆகுது. இப்ப நிழல் மட்டும் தெரியும். இனி திரும்பாதுன்னு டாக்டரும் சொல்லிட்டார்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா என்னை அடுப்புக்கிட்ட விட்டிருப்பீங்களா?”

உள்ளே ஒரு கதவு சத்தமில்லாமல் தானாக மூடிக்கொண்டதைப் பார்த்து யாரோ ‘ஆகா’ என்றார்கள்.

நான் டம்ளரை அவள் கையில் வைத்தேன். நிதானமாகக் குடித்தாள்.

“டீ நல்லாத்தான் இருக்கு. சர்க்கரை மட்டும் ஒரு சிட்டிகை கம்மி.”

குடித்த டம்ளரை இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. எழுந்து போய்த் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

இன்று என்னிடம் நீட்டினாள்.

என் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினாள். நான் கையை அங்கே கொண்டுபோனேன்.