தென்னையடியில் முளைத்தது

தென்னையின் தூரில் அது முளைத்திருந்தது.

கைக்கு அடக்கமாக, வார்னிஷ் பூசிய மரத்துண்டு மாதிரி, செம்பழுப்பாக. ஓரத்தில் மட்டும் வெள்ளை.

தையல்நாயகி குந்தி உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து போய்த் தன் காளான் கொட்டகையைத் திறந்து பார்த்தாள். திரும்பி வந்து மறுபடியும் பார்த்தாள்.

இரண்டும் ஒன்றுதான். அல்லது ஒன்று போலத்தான்.

கொட்டகையில், மரத்தூளும் தவிடும் அடைத்த பைகளின் வாயில் இந்த நிறம் தலைகாட்டினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு கூடுதலாக இறங்கும். ரெய்ஷி. மருந்துக் காளான். காயவைத்துப் பொடித்தால் வாங்கிப் போக ஆள் இருக்கிறது.

இங்கே அதே நிறத்தைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

மரம் அவளுடையது அல்ல. ஓரகத்தி செண்பகவல்லியுடையது.

தையல்நாயகியின் மரங்களைப் புயல் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு கொட்டகை போட இடம் கொடுத்தவள் செண்பகவல்லிதான். வாடகை என்று பேச்செடுத்ததற்கு ஒரு நாள் முழுக்க முகம் கொடுக்காமல் இருந்தவள்.

பதிலுக்குக் கொடுக்க இவளிடம் என்ன இருந்தது? காளான் பறித்து முடித்த பைகள் இருந்தன. அவற்றைக் கிழித்து, உள்ளே மக்கிய தூளை ஓரகத்தியின் தென்னைகளுக்கு எருவாகக் கொட்டினாள். ஆசையாகத்தான் கொட்டினாள். அந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்தது. தையலு போட்ட எரு, தையலு போட்ட எரு என்று செண்பகவல்லி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்போது அது தன் எருவால்தான் என்பதில் தையல்நாயகிக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

இப்போது மட்டும் எல்லாமே சந்தேகமாக இருந்தது.

தூரில் செம்பழுப்பு நீர் வடிந்து காய்ந்திருந்தது. கீழ்மட்டைகள் தொங்கிவிட்டன. அடுத்த மரத்தைப் போய்த் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை. அதற்கடுத்ததில் ஒரு கறை. பழைய கறையா, புதியதா?

படம் எடுத்து, காளான் வளர்க்கப் பயிற்சி கொடுத்தவருக்கு அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார்.

வாடல் நோய் என்றார். இதே இனத்துக் காளான்தான் தென்னைக்கு அதைக் கொண்டுவரும் என்றார். உங்கள் கழிவிலிருந்து வந்திருக்கலாம் என்றார். உங்கள் பக்கத்து மண்ணில் இது ரொம்ப காலமாக இருக்கிறது, தானாகவும் வந்திருக்கலாம் என்றார். எதற்கும் இனி கழிவைப் போட வேண்டாம். மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் வழியே அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்தானா, இல்லையா?

செண்பகவல்லியின் புருஷன், இவளுக்கு மூத்தார், தினமும் காலையில் அவள் கொடுக்கும் காளான் கஷாயத்தைத்தான் குடிக்கிறார். உடம்பு தேவலை என்கிறார். அதுவும் இந்தக் காளானால்தானா என்று இப்போது குழப்பமாக இருந்தது.

சொன்னால் கொட்டகையைப் பிரிக்கச் சொல்வார்கள். அது இல்லாமல் அவளுக்குப் பிழைப்பு இல்லை. சொல்லாமல் விட்டால், ஓரகத்தி அடுத்த மரத்துக்கும் எரு கேட்பாள். அந்த வீட்டில் உலை கொதிப்பது இந்தத் தேங்காயில்தான்.

செய்யாத தப்புக்கு எதற்குத் தலைகொடுக்க வேண்டும்?

செய்திருந்தால்?

மண்வெட்டியை எடுத்தாள். பள்ளம் வெட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெளிவாக இருந்தது.

முழங்கால் ஆழம் வந்தபோது செண்பகவல்லி வந்தாள். வியர்த்து நின்றவளைப் பார்த்தாள். தொங்கிய மட்டைகளை அண்ணாந்து பார்த்தாள். புரிந்துவிட்டது போலத் தலையாட்டிவிட்டுக் கொட்டகையின் பின்பக்கம் போனாள்.

தெரிந்துவிட்டதா? யார் சொல்லியிருப்பார்கள்?

பயமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

செண்பகவல்லி இடுப்பில் அன்னக்கூடையோடு திரும்பி வந்தாள். கூடை நிறையக் கிழித்த பைகளின் தூள்.

"நோவு கண்ட மரத்துக்கு எரு வைக்க இந்த வெயில்ல தனியா நின்னு குழி வெட்டுற பாரு. எங்கூடப் பொறந்தவளுவகூட இதச் செய்ய மாட்டாளுவ, தையலு."

சிரித்துக்கொண்டே கூடையைப் பள்ளத்தின் விளிம்பில் சாய்த்தாள்.

தையல்நாயகி கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. கனமெல்லாம் இல்ல, நானே கொட்டிக்கிறேன்."

அவள் விடவில்லை.

"கூடையக் கீழ வச்சிட்டு இப்படி உக்காருங்கக்கா" என்றாள்.

செண்பகவல்லி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.